நெல் காயும் டெனிஸ் தளம்

கடந்த சிறுபோக அறுவடைக் காலத்தில், ஒரு வியாழக்கிழமை, கல்முனையிலிருந்து உல்லைக்குப் போய், பாதி வழி திரும்பி வந்தேன். அறுகம்பைக்கு நாங்கள் சொல்லும் பெயர்தான் உல்லை. அலைச்சறுக்கப் போகிறவர்களுக்குத் தகவல் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது, இந்தக் கரையில் டெனிஸ் விளையாட இடம் தேடுகிறவர்களுக்கு. அப்படி ஒருவராவது உண்டா என்பதில் எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் ஒருத்தி வந்தாள்.

என் மருமகன் ரிஸ்வான் உல்லையில் சிறிய விடுதி நடத்துகிறார். அங்கே ஸோயா என்ற ரஷ்யப் பெண் தங்கியிருந்தாள். தொழில்முறை டெனிஸ் வீராங்கனை, வயது முப்பத்தொன்று. தோளில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம். சிநேகிதி அலைச்சறுக்க வந்ததால் கூட வந்திருந்தாள். ஒரு போட்டியின் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அதிலிருந்து விலகுவதானால் வெள்ளி நண்பகலுக்குள் அறிவிக்க வேண்டும். அதற்கு முன் உண்மையான தளத்தில், முழு வலுவோடு ஐம்பது சேர்வ் போட்டுப் பார்க்க வேண்டும். தோள் தாங்கினால் போட்டி, தாங்காவிட்டால் இத்தோடு விளையாட்டை விடுவது. இப்படி அவள் முடிவெடுத்திருந்தாள்.

ரிஸ்வான் தொலைபேசியில் சொன்னார்: "மாமா, நீங்க இரிகேசன்ல இருக்கக்குள்ள அக்கரைப்பற்றுப் பக்கம் டெனிஸ் அடிச்ச எண்டு சொல்லுவீங்களே, அந்தக் கோர்ட் இன்னும் இரிக்கா?"

இருந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்த நாட்களில் நான் ஆடிய தளம் அது, போன வருடம் அவ்வழியாகப் போனபோதும் பார்த்தேன். பழைய அரசாங்க விடுதியொன்றின் பின்னால், சீமெந்துத் தளம், இரண்டு இரும்புத் தூண்கள். நான் நேரே அங்கே போய்க் காத்திருந்திருக்கலாம். ஆனால் என் வார்த்தையை நம்பி ஒரு பெண் ஒரு மணிநேரம் பயணம் செய்வது எனக்குப் பயமாக இருந்தது. தளம் மோசமாகவும் இருக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கூட்டிவர வேண்டும் என்று தோன்றியது.

முதல் நாளே பையை அடுக்கினேன். அளவு நாடா, சுண்ணாம்புத் தூள், கல்முனைச் சந்தையில் வாங்கிய பழைய மீன்வலைத் துண்டு, கயிறு, தண்ணீர். காலை ஆறரைக்குப் பொத்துவில் பஸ். ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர், கட்டணம் முந்நூறு ரூபாய்க்குள். காரைதீவு, நிந்தவூர் தாண்டும்வரை இடது பக்கம் உட்காருங்கள், கடல் காற்று வரும். திருக்கோவிலுக்குப் பிறகு அந்தப் பக்க வெயில் சுடத் தொடங்கிவிடும். பொத்துவிலிலிருந்து உல்லைக்கு ஓட்டோ ஐந்நூறு ரூபாய்.

ஸோயா உயரமானவள், அதிகம் சிரிக்காதவள். தளம் பற்றிய என் சந்தேகங்களை எல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாகச் சொன்னேன். "கோடு சரியான தூரத்தில் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். நாடாவைக் காட்டினேன். உடனே மட்டைப் பையை எடுத்துக்கொண்டு ரிஸ்வானின் வான் வண்டியில் ஏறினாள்.

திரும்பி வரும் வழியில் தன் கதையைச் சொன்னாள். வோல்கா ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலை ஊர். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுப் பயிற்சிக்கூடம். பிறகு சிறு சிறு ஊர்களில் சிறு சிறு போட்டிகள். பெரிய போட்டியொன்றின் பிரதானச் சுற்றில் ஒரே ஒருமுறை ஆடி, முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். அவள் நாடு போர் தொடங்கிய பிறகு, போட்டிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நாட்டுக் கொடியும் இல்லை. "வெறும் பெயர். அதையும் நானே அழிக்க வேண்டி வருமோ தெரியாது" என்றாள்.  கோமாரியில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

தளத்தை அடைந்தபோது ஒரு மணி. வண்டியிலிருந்து இறங்கியதும் நின்றுவிட்டேன். தளம் முழுவதும் நெல். ஓரத்திலிருந்து ஓரம் வரை பொன்னிறமாக, கோடு எதுவும் தெரியாமல்.

எங்கள் பகுதியில் அறுவடைக் காலத்தில் சமமான தரை எதுவும் சும்மா கிடக்காது. வீதியின் ஒரு பக்கத்தில்கூட நெல் காயும். அது தெரியாத பிள்ளை இங்கே கிடையாது. ரிஸ்வான் தலையில் கை வைத்தார்: "நம்மட வயல்வட்டையெல்லாத்துக்கும் தண்ணி திறந்த ஆள் நீங்க. வலை கொண்டாந்தீங்க, சுண்ணாம்பு கொண்டாந்தீங்க, நெல்ல மறந்திட்டீங்களே மாமா!"

நெல்லுக்குரியவர் மரநிழலில் இருந்தார். ஆலையடிவேம்பைச் சேர்ந்த கமலா, ஐம்பது வயதிருக்கும். கையில் நெல் கிளறும் பலகை. அலுவலகக் கடிதம் இல்லாமல் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன் நான். இரண்டுமுறை தொண்டையைச் செருமினேன்.

"தங்கச்சி, ஒரு உதவி..."

"நெல்ல அள்ளச் சொல்லாதீங்க சேர். மெசின் வெட்டின நெல்லு, ஈரம். இண்டைக்குக் காயாட்டி மில்லுக்காரன் விலையில வெட்டுவான்."

"சரி" என்று திரும்பிவிட்டேன். ஸோயா நெல்லுக்கு அப்பால் நின்ற தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பையிலிருந்து நாடாவை எடுத்து ஓரமாக அளந்தேன். சேர்வ் போட முழுத் தளமும் தேவையில்லை. இந்தப் பக்கக் கடைக்கோட்டிலிருந்து வலைக்கு முப்பத்தொன்பது அடி, அதற்கப்பால் பந்து விழ வேண்டிய கட்டம் இருபத்தோரு அடி. மொத்தம் அறுபது. மீதி பதினெட்டு அடியில் நெல் இருக்கலாம்.

மறுபடியும் போனேன். "தங்கச்சி, அறுபது அடி மட்டும் போதும். நெல்லை அந்தப் பக்கம் ஒதுக்க நாங்கள் மூன்று பேரும் உதவுகிறோம். இந்தப் பிள்ளைக்குத் தோளில் வெட்டியிருக்கிறார்கள். பந்தை ஓங்கி அடிக்க முடியுமா என்று இன்றைக்குத்தான் பார்க்கலாம்."

கமலா ஸோயாவின் தோளைப் பார்த்தார். பிறகு மேற்கே அண்ணாந்தார். மலைப் பக்கம் கறுத்திருந்தது.

"மூணு மணிக்குப் பிறகு எப்பிடியும் குவிக்கத்தான் வேணும். அதுவரைக்கும் இரிங்க. வெட்டின கையால அந்தப் புள்ள பலகை பிடிக்கப்படா. சொல்லுங்க."

சொன்னேன். ஸோயா இடது கையால் பிடித்தாள். மூன்றரைக்குள் நெல் அந்தப் பதினெட்டு அடிக்குள் குவிந்து, மேலே மழைக்கு மூடும் நீலப் படங்கும் விரிந்தது. கமலா தரையைக் கூட்டினார், ரிஸ்வான் மீன்வலையைத் தூண்களில் கட்டினார், நான் சுண்ணாம்புக் கோடு போட்டேன். வலையின் நடு உயரம் மூன்று அடி இருக்க வேண்டும். முதலில் இரண்டு அங்குலம் குறைந்தது. அவிழ்த்துக் கட்டினோம்.

முதல் பத்தும் மெதுவாகப் போட்டாள். "மாங்காய்க்குக் கல்லெறியிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் கமலா. பதினோராவது பந்து வந்த சத்தத்தில் அவர் வாய் மூடிக்கொண்டது. கோட்டுக்குள் விழுந்து எழும்பி, படங்கில் "தொம்" என்று மோதியது.

இருபதைத் தாண்டும்போது காற்று எழும்பியது. படங்கின் ஒரு மூலை தூக்கியது.

"குந்துங்க சேர், மூலையில குந்துங்க! நெல்லு போச்சு!"

ஒரு மூலையில் ரிஸ்வான், ஒரு மூலையில் கமலா, பந்து வரும் மூலையில் நான். ஸோயா மட்டையைத் தாழ்த்தி என்னை விலகச் சொல்லிக் கை காட்டினாள். நான் விலகினால் நெல் நனையும், அவள் நிறுத்தினால் நாளைக்கு என்ன அறிவிப்பாள்?  "போடு" என்று கத்தினேன். கமலா தன் நெல் புடைக்கும் சுளகை என்னிடம் எறிந்தார். முகத்துக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ரிஸ்வான் சிரித்துச் சிரித்துப் படங்கிலிருந்து சறுக்கினார்.

மழை வந்துவிட்டது. ஈரப் பந்து கனக்கும், தோளுக்கு நல்லதல்ல. நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. இரண்டு பந்துகள் சுளகில் பட்டன. ஐம்பதாவதைப் போட்டுவிட்டு மழைக்குள் அசையாமல் நின்றாள்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இப்போது சொல்ல முடியாது. நாளைக் காலையில் இந்தக் கையைத் தூக்கி என் முடியைக் கட்ட முடிந்தால் போவேன்."

டீசலுக்கு அவளும் பங்கு கொடுத்தாள். கமலா எதுவும் வாங்கவில்லை. என் தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் அக்கரைப்பற்றில் இறங்கி பஸ் எடுத்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. மழையில் போடவிட்டது சரியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். காலை எட்டு மணிக்கு ரிஸ்வானின் குரல் வந்தது: "மாமா, முடி கட்டியிரிக்கி. இறுக்கிக் கட்டியிரிக்கி!"

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அறுவடைக் காலத்தில் எந்தத் தளத்தையும் முதலில் விசாரியுங்கள். பனி உலர்வதற்கு முன், காலை எட்டு மணிவரை தரை காலியாக இருக்கும். வலை நீங்களே கொண்டுபோங்கள், மீன்வலை போதும். தளத்துக்குக் கட்டணம் இல்லை. நெல் இருந்தால் நெல்லுக்குத்தான் முதல் உரிமை. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்காக எங்கள் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு கமலா அழைத்தார். அன்று காலைதான் நான் இணையத்தில் முடிவைப் பார்த்திருந்தேன்.

"சேர், அந்தப் புள்ள வெண்டுதா?"

"தோற்றுவிட்டாள் தங்கச்சி. முதல் சுற்றிலேயே. மூன்று செட் ஆடி, கடைசிவரை இழுத்து."

"எவ்வளவு நேரம் அடிச்சது?"

"இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல்."



"அப்ப தோள் நிக்கிது. பெரும்போகத்துக்கு வாறதெண்டா முன்னுக்கே சொல்லச் சொல்லுங்க, அறுபதடி விட்டுட்டுக் காயப்போடுறன். நீங்களும் வாங்க சேர், சுளகு பிடிக்க ஆள் வேணுமே."