கை தட்டிய பயிற்சி

தேயிலை விலை படுத்துவிட்ட ஆண்டுகளில் எங்கள் முதலாளிக்கு ஒரு ஞானோதயம் வந்தது. குன்னூருக்கு மேலே இருந்த பழைய துரை பங்களாவை ஓட்டலாக்கினார். எஸ்டேட்டில் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாத எங்களை அங்கே மேனேஜர்களாக்கினார். ஃபேக்டரியில் இலை வாட்டிக்கொண்டிருந்தவர் சமையலறைக்கு மேனேஜர். கிளார்க் வரவேற்பு மேசைக்கு. பதினோரு வருடம் கொழுந்து பறிக்கும் பெண்களை அதட்டியே பிழைத்த நான் அறைகளுக்கு. விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கக்கூட எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

அதைச் சரிசெய்யத்தான் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். தலைமைப் பண்பை வளர்க்க மூன்று நாள். ஆசாமி குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹீட்டரை விட்டு நகராமல், துணிச்சலைப் பற்றிப் பேசினார். முதல் நாள் காகிதத்தில் கோபுரம் கட்டச் சொன்னார். நரைத்த தலைகளோடு தரையில் உட்கார்ந்து பசை தடவினோம். இரண்டாம் நாள் ஒருவரையொருவர் புகழச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் புகழ்ந்தேன்.

மூன்றாம் நாள், மனம் நோகாமல் ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது எப்படி என்ற பாடம். நடித்துக் காட்ட என்னை எழுப்பினார். அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு உள்ளே வந்தாள், அறைகளைச் சுத்தம் செய்பவள். சிலோனிலிருந்து சிறுமியாகத் திரும்பி வந்தவள். எஸ்டேட்டில் வேலை நின்றதும் நான்தான் அவளை ஓட்டலில் சேர்த்தேன். அந்த வேலை இருக்கும்வரைதான் அவளுக்கும் மகளுக்கும் கம்பெனியின் லைன் வீடு.

"இவங்களையே வச்சுச் செய்யுங்க" என்றார் பயிற்சியாளர். இது வெறும் நடிப்பு என்பதை எங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கியிருந்தார். அவளுக்கு யாரும் விளக்கவில்லை.

நான் குரலைக் குழைத்துக்கொண்டேன். "இத்தன நாள் நல்லா வேலை செஞ்சீங்கம்மா. இப்ப நெலம சரியில்லீங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டியதில்லீங்க."

அவளை நான் 'நீங்க' என்றது அன்றுதான் முதல் தடவை. எஸ்டேட்டில் துரை சொன்னால் சொன்னதுதான், ஏன் என்று கேட்கிற வழக்கமே கிடையாது. "சரிங்க தொரை" என்றாள். தட்டை மேசைமேல் வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் நன்றாக நடித்ததாக நானும் நினைத்தேன், மடையன்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

"அது சும்மா நடிப்பும்மா. ட்ரெயினிங்குக்குச் சொன்னது. நாளைக்கு வந்துரு."

"நடிப்புங்களா? வெளிய வர்றப்ப கை தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க தொரை. என்னைய அனுப்புறதுல இவ்வளவு சந்தோசமான்னு அழுதேன்." சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "நெசமாவே சொல்ற நாளும் வரும்ல. அதையும் ஒருக்கா நின்னு கேக்க என்னால முடியாதுங்க."

அடுத்த நாள் காலையில் மகளோடு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றைக்கே முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். பயிற்சியில் முதலாவதாக வந்தவன் நான்தானாம். சீசன் முடிந்ததும் ஐந்து பேரை நிறுத்த வேண்டியிருக்கிறது, பக்குவமாக எடுத்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை என்றார்.

"சரிங்க" என்றேன்.