இறகு வைக்காத தொப்பிக்காரி

கடைக்கு வருகிறவளின் முகத்தை ஹாஸ்கெல் அம்மா கடைசியில்தான் பார்ப்பார். முதல் பார்வை தொப்பிக்கு. அதில் இறகு எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் தீர்ந்தது கதை. வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை எடுக்காமலே, "யாரு இது? வெள்ளைக் கொக்கா?" என்று கேட்பார், கூட வந்த உறவுக்காரரை விசாரிப்பதுபோல. வந்தவள் விழிப்பாள். "கூட்டுல குஞ்சு இருக்கறப்பதான் இந்த இறகு முளைக்கும். அப்பத்தான் சுடுவாங்க. தாய் இங்க உன் தலையில உக்காந்திருக்கு. குஞ்சுங்க என்ன ஆச்சுன்னு நீயே யோசிச்சுக்கோ. சரி, உனக்கு என்ன வேணும்? ரிப்பனா, துணிப்பூவா?"

பாதிப் பேர் ரிப்பன் வாங்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் கதவை அறைந்துவிட்டுப் போய், கப்பலேறி சான் பிரான்சிஸ்கோவில் இறகுத் தொப்பி வாங்கிவந்து, வேண்டுமென்றே அந்தக் கடைவாசலில் இரண்டு தடவை நடப்பார்கள். தொப்பிக்கடை வைத்துக்கொண்டு இறகு விற்க மாட்டேன் என்பது சாராயக்கடை வைத்துக்கொண்டு பால் ஊற்றுவதற்குச் சமம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாலும் வித்துட்டுத்தானே இருக்கு" என்றார்.

எதிர்க்கடை என்னுடையது. முடிதிருத்துகிறவனுக்குக் கத்தி பிடிக்க ஒரு கை போதும். காது இரண்டும் சும்மாதான் இருக்கும். ஆல்டர்டன் மர ஆலை ஊர். இங்கே ஆண் பிள்ளை என்றால் மலையில் மரம் வெட்டுவான், இல்லாவிட்டால் ஆலையில் அறுப்பான். ரெட்வுட் மரங்கள். ஒன்றைச் சாய்ப்பதற்கு நாள் கணக்காகும். வெறும் தரையில் விழுந்தால் கண்ணாடிபோல் நொறுங்கிவிடும் என்று, விழப்போகிற இடத்தில் கிளையும் மண்ணுமாகப் பரப்பி முதலில் மெத்தை போட்டு வைப்பார்கள். எங்கேயாவது மெத்தை போட ஆரம்பித்தார்கள் என்றால் அங்கே மரங்களின் கதை முடிந்தது என்று ஊருக்குத் தெரியும்.

அம்மாவின் கணவர் இதே ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டியவர். போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் தீட்டிய ரம்பம்தான் எங்கள் மலையில் பாதியை மொட்டையடித்தது. மிச்சமிருப்பதில் அம்மா கண் வைத்திருப்பது ஆற்று வளைவிலுள்ள தோப்பின் மேல். ஊரை ஒட்டி, ஆறு திரும்புகிற இடத்தில், கோடாலி படாமல் நிற்கிற மரங்கள். அவற்றை வெட்டக் கூடாது, ஊருக்குப் பொதுவாக விட வேண்டும் என்று அவர் கேட்காத கூட்டமில்லை, நச்சரிக்காத ஆளில்லை. ஒரு சந்தையில் எவனோ குடித்துவிட்டுச் சத்தம் போட்டான்: "உங்க வீடு எதுல கட்டினது அம்மா? களிமண்ணுலயா?"

"ரெட்வுட்லதான்டா. சாப்பிட்டவங்க எல்லாம் பானையையும் சேத்து முழுங்கணும்னு சட்டமா?"

அவரைத் தெய்வம் என்று நினைத்துவிட வேண்டாம். சீட்டாட்டத்தில் பாதிரியாரையே ஏமாற்றுவார். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்க மாட்டார். மரப்பட்டையில் பெயர் செதுக்கிய காதல் ஜோடி ஒன்றை ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் எல்லார் எதிரிலும் நிறுத்தி, "உங்க முதுகுல நான் செதுக்கட்டுமா?" என்று கேட்டு அழ வைத்தார். பேசும்போது குண்டூசி வாயிலேயே இருக்கும். கோபம் வந்தால் ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்துவார். எல்லா ஊசியும் வெளியே வந்துவிட்டால் எதிரே நிற்பவர் கதவைத் தேடுவது நல்லது.

அவருடைய இன்னொரு பைத்தியம் ஓட்டு. பெண்களுக்கு ஓட்டு கொடுக்கலாமா என்று கலிபோர்னியாவின் ஆண்களைக் கேட்டு, போன அக்டோபரில் ஒரு வாக்கெடுப்பு நடந்ததே, அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அம்மா அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். பந்தியில் இன்னொருத்திக்கு இலை போடலாமா என்று உட்கார்ந்து சாப்பிடுகிறவனையே கேட்கிற ஏற்பாடு அது. எங்கள் ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முழுக்க மரம்வெட்டிகள்.

அவர்களிடம் பேச சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஓட்டுச் சங்கத்து மிஸ் வின்த்ராப் வந்தார். நல்ல பேச்சாளர், படித்தவர், பட்டுக் கையுறை. ராத்திரிச் சாப்பாட்டு வேளையில்தான் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று யாரோ சொல்ல, மலை முகாமின் சாப்பாட்டுக் கொட்டகைக்கு நேரே போய்விட்டார். முகாம் பந்தியில் பேசக் கூடாது என்பது சமையல்காரனின் சட்டம். பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் தட்டு உடையும். பீன்ஸும் பன்றிக்கறியும் உள்ளே போகும். ஒரு சொல் வெளியே வராது. மிஸ் வின்த்ராப்புக்கு இது தெரியாது. அத்தனை பேரும் தலைகுனிந்து கேட்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய், குரலை உயர்த்திப் பேசித் தள்ளினார். கடைசிப் பெஞ்சில் ஒருவன் உப்புக்காகக் கை நீட்டினான்.

"கேளுங்க சகோதரரே, என்ன சந்தேகம்?" என்றார் மிஸ் வின்த்ராப்.

அவன் சமையல்காரனைப் பார்த்தான், அந்த அம்மாளைப் பார்த்தான், முகம் பீட்ரூட்டாகி, உப்பில்லாமலே உருளைக்கிழங்கை விழுங்கிவிட்டு ஓடிப்போனான். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். இனிப்புக்கு வைத்திருந்த ஆப்பிள் பை தொடப்படாமல் கிடந்தது. முகாம் சரித்திரத்தில் இனிப்பு மீந்துபோனது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஆலை மேனேஜர் ஃபேர்லி தொப்பிக்கடைக்கு வந்தார். மிஸ் வின்த்ராப்பும் அங்கே இருந்தார். சன்னல் திறந்திருந்தது, என் கடையில் ஆள் இல்லை.

"அம்மா, உங்களுக்கு வேண்டியது ஓட்டு. எனக்கு வேண்டியது நிம்மதி" என்றார் ஃபேர்லி. "வளைவு மரத்தைப் பத்தி இனிமே வாயைத் திறக்காதீங்க. என் மேஸ்திரிங்ககிட்ட நான் ஒரு வார்த்தை சொல்றேன். முகாம் மொத்தமும் உங்க பக்கம்."

மிஸ் வின்த்ராப்புக்குப் போன உயிர் திரும்பிவந்தது. அம்மாவைப் பெயர் சொல்லியே கெஞ்சினார். "ஒத்துக்கோங்க லவினியா. முதல்ல ஓட்டு வரட்டும். மரத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா? வெட்டின அடிமரத்துக்குப் பக்கத்துல நின்னா?"

"ஓட்டு இல்லாம மட்டும் எதைக் காப்பாத்தப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். சன்னல் வழியே பார்த்தேன், அம்மா கடைசி ஊசியையும் எடுத்து மெத்தையில் குத்தினார். பிறகு அம்மாவின் குரல் வந்தது, ஊசி இல்லாத வாயிலிருந்து.

"ஃபேர்லி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போடறாங்கன்னா அது அவங்க ஓட்டு இல்லே, உங்க ஓட்டு. உங்க ஓட்டை வாங்கிட்டு வந்து நான் யாருக்கு ஓட்டுரிமை கேக்கறது? போயிட்டு வாங்க."

மிஸ் வின்த்ராப் அன்று மாலைக் கப்பலுக்கே போய்விட்டார். போகும்போது அழுதிருந்தார். அம்மாவும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார். இத்தனை வருஷ உழைப்பை ஒரு பிடிவாதத்தில் ஆற்றோடு விட்டுவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முகாமுக்குப் போய் முடிவெட்டுவேன். அந்த ஞாயிறு ரயிலில் அம்மாவும் ஏறினார். சாப்பாடு முடிந்து எல்லாரும் துணி துவைத்துக்கொண்டும் ரம்பம் தீட்டிக்கொண்டும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றார். என் நாற்காலியில் ஈபன் மக்ரே முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். வெட்டும் குழுவின் தலைவர். அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் முகாம் அந்தப் பக்கம் சாயும்.

"வாங்க அம்மா" என்றார் நுரைக்குள்ளிருந்து. "ஒண்ணு கேக்கறேன். ஓட்டு குடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க? வளைவை வெட்டக் கூடாதுன்னு போடுவீங்க. எங்க சோத்துல மண்ணள்ளிப் போட நாங்களே மண்வெட்டி எடுத்துக் குடுக்கணுமா?"

"ஆமா. அப்படித்தான் போடுவேன்."

என் கத்தி அவர் தாடையில் நின்றுவிட்டது. நல்லவேளை, மழுங்கிய பக்கம்.

"மறைச்சு வெச்சு வாங்க எனக்கு வராது மக்ரே. உனக்குப் பிடிச்சபடியே போடறதுக்கு எனக்கு எதுக்கு ஓட்டு? உனக்குத்தான் ஒண்ணு இருக்கே, அது போதாதா?"

எவனோ சிரித்தான். பின்லாந்துக்காரன் டாவெட்டி வாளியைக் கீழே வைத்தான். "எங்க ஊர்ல எங்கம்மா ஓட்டு போடறாங்க. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலே."

"வெளிநாட்டுக்காரன் உனக்கே இங்க ஓட்டு இல்லே, நீ துணியைப் பிழிடா" என்றார் மக்ரே. ஆனால் அவரும் சிரித்துவிட்டார், நுரை என் சட்டையில் தெறித்தது.

அக்டோபரில் தோற்றுவிட்டோம் என்றுதான் நகரத்துப் பத்திரிகைகள் முதலில் அச்சடித்தன. பிறகு மலையோரத்து ஓட்டுப் பெட்டிகள் வந்து சேர்ந்து கணக்கைத் திருப்பிப் போட்டன. பெண்களுக்கு ஓட்டு வந்தது. எங்கள் ஊரில் குடும்பஸ்தர்கள் வாழும் தெருக்கள் கைவிட்டன. முகாம் பெட்டிதான் கை கொடுத்தது. மக்ரே எதற்குப் போட்டார் என்று கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்றார்.

போன வாரம் இரண்டாவது வாக்கெடுப்பு. ஊர் வரி போட்டு வளைவுத் தோப்பைக் கம்பெனியிடமிருந்து வாங்குவதா, வேண்டாமா. தோற்றால் மறுவாரமே மெத்தை போடுவார்கள் என்று ஃபேர்லி அறிவித்துவிட்டார். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதாவது ஒருவன் 'வேண்டாம்' என்றால் இரண்டு பேர் 'வேண்டும்' என்று போட்டுத்தான் அதை ஈடுகட்ட முடியும்.

வாக்குச்சாவடி வழக்கம்போல என் கடை. இதுவரை ஒரு பெண் கால் வைக்காத இடம். முதல்நாளே அம்மா தன் கூட்டாளிகளோடு வந்து தரையைத் தேய்த்து, எச்சில் கலயத்தைப் பின்கட்டுக்கு நாடு கடத்திவிட்டார். காலையில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்து வரிசையில் நின்றார்கள். என் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு போய்ப் போட்டார்கள். அம்மா தன்னுடையதைப் போட்டுவிட்டு வெளியே பலகை நடைபாதையில் நின்றுகொண்டார்.

பிற்பகலில் ஒரு சேதி பரவியது. மக்ரேயின் குழு மேல்மலையில் ஒரு பெரிய மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறது, இறங்கிவரவில்லை. ஓட்டுப் போட மேஸ்திரி விடுப்புக் கொடுத்தும் மக்ரே மறுத்துவிட்டாராம். வெட்டு பாதிக்கு மேல் போன மரத்தை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அவர்கள் நெறி. காற்று அதை எந்தப் பக்கம், யார் தலையில் தள்ளும் என்று சொல்ல முடியாது. அந்தக் குழுவில் ஒருத்தர் விடாமல் 'வேண்டாம்' என்பது ஊரறிந்தது.

"பாத்தீங்களா அம்மா, ஒரு மரம் தன் உசிரைக் குடுத்து வளைவைக் காப்பாத்துது" என்றார் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. மற்றவர்கள் கைதட்டினார்கள். அம்மா மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தரை அதிர்ந்தது. என் அலமாரியில் எண்ணெய்ச் சீசாக்கள் ஒன்றோடொன்று உரசின. மரம் விழுந்துவிட்டது. இனி அவர்கள் இறங்கி ஓடிவர வேண்டும். ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதி ஓயும்போது சாவடியை மூட வேண்டும் என்பது விதி. பெண்கள் கடிகாரத்தையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எந்தப் பக்கம் வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

சங்கு அலறத் தொடங்கியது. அதே நேரம் தெருமுனையில் ஆணி பதித்த பூட்ஸ்களின் சத்தம். மக்ரே முன்னால், முகமெல்லாம் மரத்தூள், பின்னால் அவர் ஆட்கள்.

"மூடுங்க, மூடுங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். சாவடி அதிகாரியான பள்ளிக்கூட ஆசிரியை மிஸ் ஓடெல்லும் தோப்புக் கட்சிதான். அவர் கதவை வேகமாகத் தள்ளினார். கதவு சட்டத்தில் மோதவில்லை. இடையில் ஹாஸ்கெல் அம்மாவின் கறுப்புப் பூட்ஸ் இருந்தது.

"சங்கு இன்னும் ஓயலே" என்றார் அம்மா. அவர் கண்ணில் நீர் நின்றது, அதைத் துடைக்கவும் இல்லை.

மக்ரே மூச்சிரைக்கப் படியேறும்போது, அம்மா கதவைத் தோளால் இன்னும் கொஞ்சம் அகலமாகத் தள்ளிப் பிடித்தார்.