அசைவு கம்மி

பதினாறு வருடமாகத் திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். நல்ல நேரம் பார்த்துப் பிள்ளை பெற வருகிறவர்களை நான் விட்டுவைத்ததே இல்லை. ஜோசியர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோடு வாசலில் நிற்கும் மாமனார்களைப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கற பிள்ளைக்கு ஒரு வாட்ச் கட்டிவிட்டிருக்கலாம்" என்று தியேட்டருக்குள் வந்து சொல்லிச் சிரிப்பேன். முகூர்த்த நாளில் நாலு குழந்தைகள் வரிசையாக அழும். என்னோடு வேலை செய்கிறவர்கள் என் வாய்க்குப் பயப்படுவார்கள். அந்த வாய் என் வீட்டில் எப்படி மூடிக்கொண்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் தம்பி மனைவி தலைப்பிள்ளை உண்டானாள். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி சித்திரை பத்து. கேட்டதும் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் தாத்தாவுக்கு ஆகாதாம். ஆடியில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டவன் என் தம்பி. ஆனால் வீட்டில் எல்லாரும் முறைத்தது அவளைத்தான்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். அப்படிப்பட்டவர் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போக ஆரம்பித்தார். பிறகு ஒருநாள் ஜோசியரிடம் போய்வந்தார். பங்குனி பத்தொன்பது, காலை பத்து நாற்பதுக்கு மேல் பதினொன்று ஐந்துக்குள் என்று எழுதின தாளை என் கைப்பையில் வைத்தார்.

"நீ அங்கதானே வேலை செய்யறே" என்றார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. குழந்தை டாக்டர் நர்ஸுகளுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். வயிற்றுக்குள் ஆக்சிஜன் கம்மி, வெளியே வந்த நிமிடம் ஜாஸ்தி. நறுக்கின கத்திரிக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறதே, அதுபோல அந்த ஆக்சிஜனே பிஞ்சு உடம்பை உள்ளே அரிக்கும், அதற்கு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர் என்றார். அதைத் தாங்கும் சத்து கடைசி வாரங்களில்தான் குழந்தைக்குச் சேர்கிறதாம். பிரசவ வலியும் குழந்தையைப் படுத்தத்தான் செய்யும், ஆனால் நுரையீரலில் இருக்கும் நீரை வற்றவைத்து மூச்சுக்குத் தயார் பண்ணி அனுப்பும். தேவைக்கு அறுப்பது வேறு, தேதிக்கு அறுப்பது வேறு என்று சொல்லி முடித்தார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பங்குனி பதினெட்டு காலையில் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஊரான அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோவில் வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இன்னும் மூணு வாரம் இருக்குதே. வலி வரட்டுமே. நீங்க சொன்னா மாமா கேப்பாரு."

"நாங்க தினம் பாக்கறதுதான் இதெல்லாம். நீ ஒண்ணு பண்ணு. டாக்டரம்மா கேட்டா, நேத்துலேர்ந்து அசைவு கம்மியா இருக்குதுன்னு சொல்லு."

"நல்லா உதைக்குதே அண்ணி."

"கம்மின்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை. டாக்டரம்மா முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் சொன்னேன். இதயத்துடிப்பு பார்க்கும் மிஷின் எந்தக் குறையும் காட்டவில்லை. ஆனாலும் பதினாறு வருட நர்ஸ், சொந்தத் தம்பி மனைவியைப் பற்றிச் சொல்கிறாள். "நாளைக்குக் காலையில எடுத்துடலாமா டாக்டர், பத்தரைக்கு மேல?" என்றேன். பத்தரை என்றதும் டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முதுகில் ஊசி போட்டுப் படுக்கவைத்தபோது பத்து முப்பத்தாறு. அவளுக்கு முழு நினைவு இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் நாலு நிமிஷம்" என்றேன். கத்தி கையில் இருக்க, எல்லாரும் நின்றோம். யாரோ ஒரு ஜோக்கடித்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அதை நான் அடித்திருப்பேன். அவள் கண்ணோரத்தில் வடிந்த நீரை நான்தான் துடைத்தேன், நெற்றி வியர்வையைத் துடைப்பது மாதிரி.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பிறந்தான். ஒரு தடவை அழுதான். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் முனக ஆரம்பித்தான். விலாவுக்குக் கீழே சதை குழிந்து குழிந்து எழுந்தது. அந்த முனகல் என்னவென்று எனக்குத் தெரியும். துணியில் சுற்றிக் குழந்தை டாக்டரிடம் ஓடினேன். வாசலில் அப்பா மறித்தார்.

"மணி எத்தினி?"

"பத்து அம்பத்திரெண்டு."

"அப்பாடா" என்றார். துணிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். "ஆக்சிஜனைக் கம்மியா வெச்சா மூச்சு நிக்கும், ஜாஸ்தியா வெச்சா அதுவே சுட்டுடும். ரெண்டுக்கும் நடுவுல பிடிச்சுட்டு நிக்கறேன் சிஸ்டர்" என்றார் குழந்தை டாக்டர். எதற்கு இத்தனை சீக்கிரம் எடுத்தீர்கள் என்று கேட்டார். அசைவு கம்மி என்றேன். இரண்டாவது தடவை சொல்லும்போது அந்தப் பொய் நாக்கில் இன்னும் சுலபமாக வந்தது. தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு அவள் கண்ணாடிக்கு வெளியே நிற்பாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருக்கும். நான் வந்தால் நகர்ந்து வழிவிடுவாள்.

பிழைத்துக்கொண்டான். சளி பிடித்தால் மட்டும் இன்றைக்கும் மூச்சிழுப்பு வந்துவிடுகிறது. அப்பா சித்ரா பௌர்ணமிக்கு வழக்கம்போல மலை சுற்றிவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

பேர் வைக்கிற அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். "ஜாதகம் பலமா இருந்ததால பொழைச்சுது. நேரம் தப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று அப்பா சொல்ல, எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் சரியான சமயத்தில் கவனித்துச் சொன்னதால்தான் உயிர் தங்கியது என்றும் பேச்சு வந்தது. தம்பி கண் கலங்கிவிட்டான்.

"அண்ணி கால்ல விழும்மா" என்று அப்பா அவளிடம் சொன்னார்.

பிள்ளையை மடியில் வைத்திருந்த தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, வந்து விழுந்தாள். நான் குனிந்து தூக்கினேன். முகத்துக்கு முகம் வந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னிக்கு நல்லாதான் உதைச்சான் அண்ணி" என்றாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நெற்றியில் திருநீறு பூசி, நல்லா இரு என்றேன்.