நானோவும் நானாவும்

புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மடவளைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான்.

விஷயம் இதுதான். சென்ற வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் சூரியனைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் மேற்பரப்பில் சூடு ஆறாயிரம் பாகைக்குள்தான். விலகி வெளி வளிமண்டலத்துக்குப் போனால்... பத்து லட்சத்துக்கும் மேல். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுமா? அங்கே கூடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் பிடிபடாத குட்டி வெடிப்புகள் கணக்கில்லாமல் நடப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அவற்றுக்குப் பெயர் நானோ வெடிப்பு.

நான் போனில் பேசியே எழுதுகிறவன். நான் சொன்னது 'நானோ'. போன் எழுதியது 'நானா'. திருப்பிப் படிக்கச் சோம்பல். 'நானா வெடிப்புகளால் சூடேறுகிறது' என்றே அச்சாகிவிட்டது.

கண்டிப் பக்கம் நானா என்றால் யார்? முஸ்லிம் வீடுகளில் அண்ணன். மற்றவர்களுக்கு, நாம் உரிமையோடு கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர். அவரையும் வெடிப்பையும் ஒன்றாகச் சேர்த்து அச்சடித்தால்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பலர் என்னைப் போனில் கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கூப்பிடவில்லை — மடவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஜவாஹிர் நானா. பத்தி வந்த காலையிலேயே கூப்பிட்டுக் கருத்துச் சொல்கிற மனிதர். பன்னிரண்டு வருடப் பழக்கம் இதோடு போய்விடுமோ என்று பயந்தேன்.

கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். "வாங்க சேர்" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானா, அது போன் செஞ்ச பிழைங்க..."

"போனா எழுதின? மேல ஒங்கட பேருதானே ஈக்கி."

"ஆமா நானா. நான்தான் படிச்சுப் பார்க்கல. மன்னிச்சுக்குங்க."

ஆணிப் பொட்டலத்தைக் கட்டி முடித்தார்.

"பிழையெண்டு எனக்கு வெளங்கின சேர். ஆனா அண்டைக்கி கடைக்கு வந்தவங்க எல்லாம், 'என்ன நானா, எப்ப வெடிப்பீங்க'ண்டு கேட்டாங்க. அவங்கவங்களுக்கு அது ஒரு பகிடி. எனக்கு எத்தின?"

ஒவ்வொன்றும் குட்டி வெடிப்பு, சேர்ந்தால் பெருஞ்சூடு. நான் ஒரு பத்தி முழுக்க விளக்கியதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

பிறகு ரெண்டு பிளேன்டீக்குச் சொன்னார். "அடுத்த கிழமை திருத்திப் போடுங்க" என்றார்.

போடுகிறேன். சூரியனில் வெடிப்பது நானோ. மடவளையில் பொறுத்துக்கொண்டவர் நானா.