பத்தொன்பது கிலோ பட்டர்

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவுக்குப் பிற்காலத்தில் வந்து குடியேறிய தமிழரிடம் கமலாம்பிகை என்று கேட்டால் விழிப்பார்கள். நெய்யக்கா என்றால்தான் தெரியும். அவள் நெய் விற்றவள் அல்ல. ஆனால் இலவசப் பட்டரை விற்றாள் என்று 1987இல் ஒரு கிழமை முழுவதும் லண்டன் தமிழரில் பாதிப் பேர் வாய் ஓயாமல் பேசினார்கள். அந்தக் கதைதான் இது.

அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. குட்டையான உருவம். சேலைக்கு மேல் மகள் சிவமலர் வாங்கிக் கொடுத்த நீலக் கோட்டு, காலில் சொக்ஸும் செருப்பும். பஸ்ஸில் ஏறிக் கதைக்கத் தொடங்கினாளென்றால் சாரதியும் திரும்பிப் பார்ப்பான். தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தின் குசினிச் சாவி அவளிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்கச் சங்கச் செயலாளர் கணேசலிங்கத்துக்கு மூன்று வருடமாகத் துணிவு வரவில்லை.

கணவர் அம்பலவாணன் நேர்மாறு. ஆங்கிலப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். படித்ததைக் கேட்டால்தான் சொல்வார். நல்ல ஆங்கிலம், நல்ல எழுத்து. இருந்தும் ஒரு கடதாசியிலும் கையெழுத்துப் போடமாட்டார். கவுன்சில் வீட்டுப் படிவம், பெனிபிட் படிவம், டொக்டரின் படிவம் எது வந்தாலும் நிரப்பி முடித்துவிட்டு, "இஞ்சேரும், நீர் போடும்" என்று மனைவியின் பக்கம் தள்ளிவிடுவார். பதினைந்து வருடத்தில் அவர் கையெழுத்து விழுந்தது கடவுச்சீட்டில் மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. இலங்கையில் பரந்தன் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெற்களஞ்சியத்துக்கு அவர் பொறுப்பாக இருந்தவர். அரசாங்கம் உத்தரவாத விலைக்கு நெல் வாங்கிய காலம். எழுபத்திரண்டாம் ஆண்டு மாசி அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. கமக்காரர் ஈரநெல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். திருப்பியனுப்ப மனுசனுக்கு மனம் வரவில்லை. ஆவணியில் மேலிடத்தார் வந்து நிறுத்தபோது முப்பத்தெட்டு மூடை குறைந்தது. ஆறு மாதம் கிடந்த நெல் காயாமல் என்ன செய்யும்? அதை எவரும் எழுதவில்லை. வேலைக்கு ஆபத்தில்லை என்று சொல்லி ஒரு கடதாசியை நீட்டினார்கள். 'எனது கவனயீனத்தால்' என்று அதில் இருந்தது. நல்ல பிள்ளையாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் வேலையும் போயிற்று, நெல்லுக் கள்ளன் என்ற பட்டமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் சிவமலரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சரி, பட்டருக்கு வருவோம்.

எண்பத்தேழு தை மாதம் லண்டனில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வயதுபோன சனம் வீட்டுக்குள்ளேயே விறைத்துச் செத்தது. ஐரோப்பாவின் குளிர்க் களஞ்சியங்களில் பட்டர் மலைபோலக் கிடக்க ஏழைகள் வெறும் பாண் தின்பதா என்று பேப்பர்கள் கேட்டன. உடனே அரசாங்க உதவிப்பணத்தில், அதாவது பெனிபிட்டில் இருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. சங்கங்களும் தேவாலயங்களும் விண்ணப்பிக்கலாம். தமிழ்ச் சங்கமும் விண்ணப்பித்தது. படிவத்தில் ரின்னில் அடைத்த மாட்டிறைச்சிக்கும் ஒரு கட்டம் இருந்தபடியால் கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. கடைசியில் பட்டர் மட்டும் போதுமென்று தீர்த்தார்கள்.

இவ்வளவு பட்டர் எங்கிருந்து வந்தது என்று கமலாம்பிகை கணவரைக் கேட்டாள். பண்ணைக்காரருக்கு உத்தரவாத விலை உண்டு, அவர்கள் பயமில்லாமல் கறக்கிறார்கள், விலைப்படாத பாலெல்லாம் பட்டராகிறது, அதை ஐரோப்பியச் சமூகம் என்ற நாடுகளின் கூட்டு வாங்கி ஐஸில் வைக்கிறது என்று அவர் விளக்கினார். வைத்திருக்கிற கரண்டுக்கே கோடிக்கணக்கில் செலவாம் என்றும் சொன்னார்.

"உருக்கி வைச்சால் கரண்ட் எதுக்கு?" என்று கேட்டாள் கமலாம்பிகை. அம்பலவாணன் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

மாசி முதல் கிழமை நானூறு பக்கற் வந்து இறங்கியது. உப்பில்லாத பட்டர், பக்கற் கால் கிலோ. நூறு பேருக்குத் தலைக்கு ஒரு கிலோ. பொறுப்பாளர் என்ற இடத்தில் வழக்கம்போல் கமலாம்பிகை கையெழுத்து வைத்தாள். எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் அகதிப் பெடியள். எட்டுப் பேர் ஒரு வீடு, எட்டுப் பேருக்கும் ஒரு குட்டி பிரிட்ஜ். முதல்நாள் பட்டர் கொண்டுபோன ஆறு வீட்டில் ஒன்றுக்கு அவள் அடுத்தநாள் போய்ப் பார்த்தாள். காஸ் ஹீற்றருக்கு மேல் தட்டில் வைத்த பட்டர் உறைக்குள்ளேயே இளகி வழியப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆறு வீட்டிலிருந்தும் பட்டரைத் திருப்பி வாங்கினாள். கொடுக்க மறுத்தவனுக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத ஏலாது.

சனிக்கிழமை காலை கோயிலிலிருந்து இரண்டு அண்டா வந்தது. பக்கத்துத் தெரு டொலறஸும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். நானூறு பக்கற்றையும் பிரித்து, உருக்கி, பதம் பார்த்து, வடித்து, மூடியுள்ள வாளிகளில் ஊற்றி முடிக்கப் பின்னேரம் நான்கு மணி ஆயிற்று. வாசம் தெருமுனை பஸ் தரிப்பு வரை போனது. பாணுக்குப் பூசத் தெரியாத பெடியள் பருப்புக்கு விடுவார்கள், சோற்றுக்கு விடுவார்கள், ஒரு வருடமானாலும் கெடாது என்பது அவள் கணக்கு. மேலுறைகளைக்கூட அவள் எறியவில்லை. நானூறையும் மடித்து ஒரு பெட்டியில் அடுக்கி வைத்தாள்.

பட்டரைப் பக்கற்றாகவே கொடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது என்ற விதி கணேசலிங்கத்தின் தோல்பைக்குள் பத்திரமாக இருந்தது. அவர் அதை எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

திங்கட்கிழமை பட்டர் அனுப்பிய அலுவலகத்திலிருந்து பார்லோ என்பவர் வந்தார். நெடுவல், நனைந்த குடை, தணிந்த குரல். வாளிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு காரிலிருந்து தராசை இறக்கி, வாளி வாளியாக நிறுத்தார். எண்பத்தொரு கிலோ வந்தது. நூறு கிலோ கொடுத்தோம், மிச்சம் பத்தொன்பது கிலோ எங்கே என்று கேட்டார். மேலுறைப் பெட்டியைக் காட்டினாள். உறை இருக்கிறது, உள்ளே இருந்தது எங்கே என்றார். வேறு இடங்களில் இந்தப் பட்டர் கடைகளுக்குப் போயிருக்கிறது என்றும் மெல்லச் சொன்னார்.

அவர் ஒரு கடதாசி கொடுத்துவிட்டுப் போனார். பத்தொன்பது கிலோவுக்கு விளக்கம் இல்லை என்று பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால் விசயம் அதோடு முடியும். சங்கத்துக்கு இனிப் பட்டர் வராது. ஒப்புக்கொள்ளாவிட்டால் முறையான விசாரணை. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அன்று பின்னேரமே கதை தென் லண்டன் டூட்டிங் வரை போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கடையில் ஐரோப்பியப் பட்டர் கண்டதாக ஒருவர் சொன்னார். கதை தோர்ண்டன் ஹீத் போனபோது கமலாம்பிகைக்கு அந்தக் கடையில் பங்கே இருந்தது. சிவமலர் வேலை செய்த ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்ப் பெண், அம்மா சுகமோ என்று ஒரு மாதிரி இழுத்துக் கேட்டாளாம். நெல்லுக் கள்ளன் என்ற பழைய பட்டம் சிவமலருக்கு மறந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கணேசலிங்கம் வீட்டுக்கு வந்தார். வந்த மனுசன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விசாரணை என்றால் விசா முடிவுக்குக் காத்திருக்கிற பெடியளைக் கூப்பிடுவார்கள், சங்கத்தின் பெயர் நாறும், ஒரு கையெழுத்தோடு போகிற காரியம் என்று அந்தரப்பட்டார். தேத்தண்ணியைக் குடியாமலே போய்விட்டார். பாவம், அவரிலும் பிழையில்லை, பயந்த மனுசன்.

அம்பலவாணன் கடதாசியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

"போட்டு விடும் கமலா," என்றார் கடைசியில். "நாங்கள் அகதியாய் வந்த சனம். இவங்களோட நிண்டு கதைக்க ஏலாது."

"நான் களவெடுத்தனானே?"

"இல்லை."

"நீங்கள் எடுத்தனீங்களே, அண்டைக்கு?"

அவர் கடதாசியை மடித்து மேசையில் வைத்தார். பதினைந்து வருடத்தில் அவள் இதை வாய்விட்டுக் கேட்டது அன்றுதான். கேட்டதோடும் விடவில்லை.

"நீங்கள் போட்ட கையெழுத்துக்கு நானும் பிள்ளையும் தலைகுனிஞ்சு திரிஞ்சனாங்கள். நான் ஒருநாளும் உங்களைக் குறை சொன்னதில்லை. ஆனால் நான் போடமாட்டன். வியாழக்கிழமை நீங்களும் வாறீங்கள். என்ரை இங்கிலீசு காணாது. நான் சொல்லுறதை நீங்கள் சொல்லுங்கோ."

வியாழக்கிழமை மண்டபத்துக் குசினியில் பார்லோவுக்கு ஒரு கதிரை போட்டிருந்தது. அவர் அதில் இருக்காமல் நின்றார். கணேசலிங்கம் கதவடியில் நகம் கடித்துக்கொண்டு நின்றார். சிவமலரின் வீட்டுப் பட்டரில் நான்கு பக்கற்றை மேசையில் வைத்தாள் கமலாம்பிகை. கடையில் வாங்கிய பட்டர், அதே கால் கிலோ. வெறும் சட்டியை முதலில் நிறுக்கச் சொன்னாள். பிறகு பட்டரோடு நிறுக்கச் சொன்னாள். சரியாக ஒரு கிலோ என்று பார்லோ எழுதிக்கொண்டார்.

அடுப்பு எரிந்தது. பட்டர் உருகிச் சடசடவென்று பொரியத் தொடங்கியது. இந்தச் சத்தம் தண்ணீரின் சத்தம், தண்ணீர் முடிந்ததும் சத்தம் தானாக நின்றுவிடும் என்று அவள் சொன்னாள். அம்பலவாணன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. அவள் ஒரு கண்ணாடி மூடியைக் குழாய்த் தண்ணீரில் குளிர வைத்து, துடைத்து, சட்டிக்கு மேல் பிடித்தாள். மூடி முழுவதும் துளி துளியாக வியர்த்து வழிந்தது. பார்லோ ஒரு துளியை விரலால் தொட்டார். மணந்து பார்த்தார். நாக்கில் வைத்தார்.

"வாட்டர்," என்றாள் கமலாம்பிகை, மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல். பிறகு கரண்டியால் மண்டபத்துக் கூரையைக் காட்டி, அவருடைய பத்தொன்பது கிலோ அந்த வழியாகத்தான் போனது என்று சொல்லச் சொன்னாள். அடியில் தங்கிய கசடையும் காட்டினாள். சனிக்கிழமை அதைச் சீனி போட்டு நாங்கள் நாலு பேரும் தின்றோம், அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ என்றாள். அம்பலவாணன் தயங்கினார். அவள் முறைத்தாள். சொன்னார். பார்லோவின் மீசை லேசாக அசைந்தது.

வடித்து நிறுத்தபோது எண்ணூற்றுப் பத்துக் கிராம் நெய் இருந்தது.

"குறைஞ்சதெல்லாம் களவில்லை எண்டு சொல்லுங்கோ," என்றாள் அவள்.

அம்பலவாணன் சட்டியைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அவள் சொன்னது நாலு சொல். அவரோ நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நெல் என்பதும் மழை என்பதும் காதில் விழுந்தன. முப்பத்தெட்டு என்பதும் விழுந்தது. அவருடைய கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

பார்லோ எழுதிக்கொண்டே காதுகொடுத்தார். தலையை நிமிர்த்தவுமில்லை. தன் தகப்பன் நோர்போக்கில் பார்லி விளைவிக்கிறவர் என்றும், ஈரத் தானியம் காய்ந்தால் நிறை குறையும், அது எவருக்கும் தெரிந்ததுதானே என்றும் சொன்னார். தங்கள் களஞ்சியங்களுக்கு வாங்கும்போது ஈரத்தை அளந்து கழித்துத்தான் வாங்குவதாம். நிறை குறைந்ததற்காக யாரையும் கள்ளன் என்று சொல்வதற்கு இடமில்லையாம். மழை பெய்யும் என்று சொல்கிற மாதிரி அதைச் சொல்லி முடித்தார்.

அம்பலவாணன் அதை மொழிபெயர்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தே கமலாம்பிகைக்கு விளங்கியது.

பார்லோ பழைய கடதாசியை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார். புதிதாக ஒன்று எழுதினார். பத்தொன்பது கிலோ நீரும் கசடுமாகக் கழிந்தது, சோதித்துப் பார்க்கப்பட்டது, ஒழுங்கு. இருக்கிற நெய்யைப் பங்கிடலாம். அடுத்த தொகை பங்குனியில் வரும், அதைத் தயவுசெய்து உருக்க வேண்டாம் என்றும் வாயால் சொன்னார். கதவடியில் கணேசலிங்கம் விட்ட மூச்சு குசினி முழுவதும் கேட்டது.

பொறுப்பாளரின் இடத்தில் கமலாம்பிகை கையெழுத்து வைத்தாள். கீழே சாட்சிக்கு இன்னொரு இடம் இருந்தது. யார் என்று பார்லோ கேட்டார். கணேசலிங்கம் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"நான் போடுறன்," என்றார் அம்பலவாணன். அதைத் தமிழில் சொன்னதும் அவருக்குத் தெரியவில்லை.

பேனையை மனைவியின் கையிலிருந்து வாங்கினார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கண்ணாடியைத் துடைத்தார். அவசரமே இல்லை. முழுப் பெயரையும் எழுதினார். பெயருக்குக் கீழே பதவிக்கு ஒரு கோடு விட்டிருந்தது. கமலாம்பிகை அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அந்தக் கோட்டில், அழகான பழைய எழுத்தில், நெற்களஞ்சியப் பொறுப்பாளர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்லோவுக்குக் கொடுத்தனுப்ப ஒரு போத்தலில் நெய் ஊற்றப் போனாள்.