எத்தேரியின் எட்டு நிமிடம்

எத்தேரிக்கு அறுபத்துமூன்று வயது. குத்தாயிசி நகரப் பெண்கள் அணியில் முப்பத்தொரு வருடமாக இடம். காலையில் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புக்கு செஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு, சோளரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் போட்டுக்கொண்டு போட்டிக்கு வருவாள். கல்யாணச் சீராக வந்த செஸ் பலகை இன்னும் வீட்டில் இருக்கிறது. புருஷன் இல்லை, விட்டுப்போய் இருபது வருடமாகிறது. அந்தாளைப் பற்றிப் பேச எனக்கே அலுப்பு.

அணியில் இருக்க 2100 தரப்புள்ளி வேண்டும். அவளிடம் இருந்தது 2104. கடைசிச் சுற்றில் அவளுக்கு எதிராக உட்கார்ந்தவள் நான், மருந்துக்கடை மக்வலா. எனக்கு 1560. இவ்வளவு கீழே இருக்கிற என்னோடு டிரா ஆனாலே புள்ளி குறைந்து அவள் இடம் போய்விடும்.

"மக்வலா, தலைவலி மாத்திரை எடுத்து வந்தியா? இன்னிக்கு உனக்கே தேவைப்படும்!" என்றார் நடுவர் ஸவூர்.

நாலு மணி நேரம் ஆனது. அவளுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் என் ராணி அவள் ராஜாவுக்கு மாறி மாறி செக் வைத்தது. ராஜாவும் இரண்டே கட்டங்களுக்குள் போய்ப் போய் வந்தது. அதே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம். இரண்டு முறை வந்துவிட்டது.

என் முறை. செக்கை விட்டுவிட்டு ராணியை வேறெங்காவது வைத்தால் அவள் ஜெயிப்பாள். வைத்துத் தொலைக்கலாமா என்று எட்டு நிமிடம் தவித்தேன். எத்தேரி கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து செக்கே வைத்தேன்.

அவள் ராஜாவைத் தொடவில்லை. டிரா கேட்கிறவர்கள் செய்கிற மாதிரி, நகர்த்தப்போகும் கட்டத்தைத் தாளில் எழுதினாள். கடிகாரத்தை நிறுத்திக் கை தூக்கினாள்.

"ஸவூர், மூணாவது தடவை. டிரா."

அவர் சரிபார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் வெளியே அவள் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, வேற நகர்த்தல் தேடியிருக்கலாமே! இடம் போச்சே!"

"தேடினா தோத்திருப்பேன். முட்டி வலிக்குதுடி, மெதுவா வா." படியில் உட்கார்ந்து பாதி ரொட்டியை என்னிடம் நீட்டினாள். "செக் வைக்கிறதுக்கு எதுக்கு எட்டு நிமிஷம் யோசிச்சே?"

நான் ரொட்டியைப் பிட்டேன்.

"உன்னைவிட ஐந்நூறு புள்ளி மேல இருக்கிறவ நான். என்மேல நீ இரக்கப்பட்டே பாரு, அணியில என் இடம் அப்பவே போயிடுச்சு. தாள்ல எழுதினதுதான் அதுக்கு அப்புறம்."