தேர்தல் முடியாத வீடு

எங்கள் வேப்பந்தட்டையில் தேர்தல் வந்தால், கட்சிக்காரர்களுக்கு அடுத்தபடியாகப் பரபரப்பாகிவிடுகிற ஆள் சாமிதுரை அண்ணன்தான். அவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவெல்லாம் வந்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார். திரும்பி வாங்கப் போகிறவர்களிலும் அவர்தான் முதல் ஆள். நடுவில் உள்ள நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தத் துப்பாக்கி ஊரில் யாரிடமும் இல்லாத தினுசு. பச்சைமலையில் வேட்டையாட வந்த ஒரு வெள்ளைக்காரனுக்கு அவர் தாத்தா வழிகாட்டியாகப் போனாராம். அவன் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. முழங்கை நீளம்தான் இருக்கும், ஒரே கையால் பிடிக்கிற பிடி. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல். அதில் போடுவதோ நீளமான வேட்டைத் துப்பாக்கிக்குப் போடுகிற அதே தடித்த தோட்டா, உள்ளே முழுக்க ஈய ரவை. யானை மேல் உட்கார்ந்திருக்கும்போது புலி பாய்ந்தால் கிட்டத்தில் வைத்துச் சுடுவதற்காகச் செய்தது என்பார் அண்ணன். எங்கள் ஊரில் யானையும் கிடையாது, புலியும் கிடையாது. மக்காச்சோளத்தை நாசம் பண்ண வருகிற காட்டுப்பன்றிதான் உண்டு. பயிரைக் காக்க என்று அவர் அப்பா காலத்தில் எடுத்த லைசென்ஸ். புதிதாக வருகிற ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும், "இது என்னய்யா, பிஸ்டலா, வேட்டைத் துப்பாக்கியா?" என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். "ரெண்டுந்தாங்க சார்" என்பார் அண்ணன்.

எனக்குத் தெரிந்து அதில் ஒரு பன்றிகூடச் செத்ததில்லை. கொஞ்ச தூரம் போனதுமே ரவை சிதறிவிடும். சத்தத்துக்குப் பன்றிகள் ஓடும், மறுநாள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரும். சுட்டவர் மணிக்கட்டுதான் வீங்கிப்போகும். அவர் மனைவி சம்பூர்ணம் அண்ணி மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டபடியே, "பன்னி நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் காயம்" என்பார். தெருவே சிரிக்கும். எதிரில் உரக்கடை வைத்திருக்கிற நான் கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பேன். ஆனாலும் ஒன்று. இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக் கிடக்கிற சம்சாரி இந்தப் பக்கம் ஆயிரம் பேர். அவர்களில் 'குட்டைத் துப்பாக்கி' என்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிகிற ஆள் அவர் ஒருவர்தான்.

அண்ணிக்கு அந்தத் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. ஆலத்தியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த அன்றைக்கே, "அது இருக்கற வூட்டுல நான் படுக்க மாட்டேன்" என்று வாசலில் நின்றாராம். துப்பாக்கி பரணுக்குப் போனது, அண்ணி உள்ளே வந்தார். அதன் பிறகு ஆடு வளர்த்தார், களை எடுத்தார், மகன் பாலாஜியைப் படிக்க வைத்து சிமெண்ட் ஆலைக்கு அனுப்பினார். வாயாடி என்று பெயர் எடுத்தார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில், "அந்தச் சனியன மொதல்ல கொண்டுபோய்க் குடுத்துத் தொலைங்க" என்பதில்தான் வந்து முடியும். ஊருக்கே தெரியும் அது.

பிறகு அண்ணனுக்கு மறதி வந்தது. யூரியா விலையை ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கேட்டார். வயதானால் வருகிறதுதானே என்று நினைத்தோம். காட்டுக்குப் போன மனிதர் வழி தெரியாமல் ஓடைக்குள் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூரில் காட்டியபோது டாக்டர், இது குறையாது, கூடத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் அண்ணி தலையில் சோளத்தட்டைக் கட்டோடு காட்டிலிருந்து வந்தார். வாசலில் அண்ணன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "யாரு நீ? ஒரு அடி எடுத்து வெச்சே, சுட்டுப்புடுவேன்." நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி அசையவில்லை. கட்டைக்கூட இறக்கவில்லை. "மாட்டுக்குத் தட்ட கொண்டாந்தேங்க. போட்டுட்டுப் போயிடறேன்" என்றார், கூலிக்கு வந்தவர் போல. அண்ணன் தட்டைக் கட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, போடு" என்று வழி விட்டார். அப்புறம் பாலாஜி வந்து துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் இரண்டு குழலிலும் தோட்டா இருந்தது.

நாற்பது வருஷமாகத் தொலைக்கச் சொன்ன பொருளைத் தொலைக்க அண்ணிக்கு அன்றைக்கு மனசு வரவில்லை. "அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் தம்பி. நான் குடுத்தேன்னு தெரிஞ்சா, சமயம் பாத்துச் சாதிச்சுட்டான்னு நெனைக்க மாட்டாரா?" என்று என்னிடம் அழுதார். நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, அப்போது பார்லிமெண்ட் தேர்தல் வந்தது. வழக்கம்போல அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டார். பாலாஜியும் அண்ணியும் கூடப் போனார்கள். ஸ்டேஷனில் டாக்டர் சீட்டைக் காட்டி, துப்பாக்கியை ஒரேயடியாக ஒப்படைப்பதாக அண்ணி எழுதிக் கொடுத்தார். நீட்டிய இடத்தில் அண்ணனும் கையெழுத்துப் போட்டார். எந்தத் தேர்தலுக்கும் போடுகிற கையெழுத்து என்றுதான் நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேர்தல் முடியவே இல்லை. "ஓட்டு எண்ணியாச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்லீங்க" என்பார் அண்ணி. என்னிடம் கேட்டால், "தேதியத் தள்ளி வெச்சுட்டாங்கண்ணே" என்பேன். "எல்லாத்தையும் தள்ளி வெக்கறதே இவனுங்களுக்குப் பொழப்பாப் போச்சு" என்று திட்டிவிட்டுத் திருப்தியாக உட்காருவார். பால்காரர் சொன்னார், கண்டக்டர் சொன்னார், தெருவே அந்தப் பொய்யைச் சொன்னது. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. எங்கள் தெரு எந்த விஷயத்திலும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் நிஜமான தேர்தல் வந்துவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தினார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அண்ணி விரல் மையின்மேல் மஞ்சளைப் பூசிக்கொண்டார். அதற்கெல்லாம் மறைகிற மையா அது? அண்ணன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டார். "ஓட்டுப் போட்டாச்சா! அப்ப முடிஞ்சுதுன்னு சொல்லு!" அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு அண்ணி அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

முடிவு வந்த அன்று கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். நான் சரக்கு எடுக்க அரியலூர் போயிருந்தேன். அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம், அண்ணன் வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டு வழியை மறந்த மனிதருக்கு ஸ்டேஷனுக்குப் போகிற வழி மட்டும் மறக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து அண்ணிக்குப் போன் வந்த நேரம் ஊர் திரும்பிவிட்ட நான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணன் பெஞ்சில் துண்டை மடியில் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த எஸ்.ஐ. நல்ல பையன்தான், அவனுக்கு என்ன தெரியும். "ரிஜிஸ்டரப் பாத்து அவருகிட்டயே சொல்லிட்டேம்மா. ரெண்டு வருஷம் முன்னாடியே நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றான். எந்த வார்த்தை அண்ணன் காதுக்குப் போகக்கூடாது என்று அண்ணி இத்தனை நாள் காத்தாரோ, அது போயேவிட்டது.

மூன்று பேரும் ஒரே வண்டியில் வந்தோம். அண்ணன் வெறும் துண்டைச் சுற்றிப் பிடித்தபடியே வந்தார். வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். அண்ணி தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க" என்றார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்தார்.

"நீங்க எந்த ஊரும்மா?" என்றார்.

அண்ணி சொம்பில் தண்ணீர் ஊற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஆலத்தியூருங்க."

"எம்பொண்டாட்டியும் அந்த ஊருதான். சம்பூர்ணம்னு பேரு. தெரியுமா?"

"தெரியுங்க."

அண்ணன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "துப்பாக்கிய எங்கியோ தொலைச்சுட்டேம்மா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவளுக்கு அதக் கண்டாலே ஆகாதுதான். ஆனா நான் கலங்குனா அவ தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டேங்க" என்றார் சம்பூர்ணம் அண்ணி.

அண்ணன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.